கார்டில் இருந்த ஊர்

அந்த மதியம் கம்ப்யூட்டர் சென்டரில் அவளுடைய ரேஷன் கார்டை ஸ்கேன் செய்யக் கொடுத்தபோது, அதில் அச்சாகியிருந்த ஊர்ப் பெயரை நான் பார்த்தேனா, பார்க்கவில்லையா?

ஒன்றரை வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அரிசி களையும்போதும், மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி நடக்கும்போதும் இதைத்தான் என்னிடமே கேட்டுக்கொள்கிறேன். பார்த்தேன் என்று ஒரு நாள் தோன்றும். பார்த்திருந்தால் சொல்லாமலா இருந்திருப்பேன் என்று மறுநாள் தோன்றும். கார்டு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு மூலை வெயிலில் வளைந்திருந்தது. அவள் கணவனின் படம் யாரென்றே தெரியாதபடி கறுத்திருந்தது. படத்துக்குப் பக்கத்தில் இருந்த எழுத்து மட்டும் நினைவுக்கு வருவதில்லை.

நாங்கள் திண்டிவனத்தில் ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் ஒரு காம்பவுண்டில் வாடகைக்கு இருக்கிறோம். முன்னால் தளம் போட்ட வீடுகள் மூன்று, பின்னால் சிமென்ட் ஷீட் போட்ட அறைகள் இரண்டு. முன்வீடுகளுக்குத் தனித்தனிக் கழிவறை உண்டு. பின் அறைகள் இரண்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். அதற்குக் கதவு கிடையாது. சாக்கைப் பிரித்துத் தைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள்.

நான் விழுப்புரத்துக்காரி. கணக்கில் பட்டம் வாங்கியதும் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். கணவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். காம்பவுண்டில் கொஞ்சம் படித்தவள் என்பதால் ஆதார் திருத்தம், ஓய்வூதிய மனு என்று யாருக்கு எது வேண்டுமென்றாலும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் சும்மா இருக்கிறவள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது உதவியது.

பின் அறைக்கு அவள் குடிவந்தது ஒரு தை மாதத்தில். என்னைவிட மூன்று நான்கு வயது இளையவள். பெருமுக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள். இங்கே மல்லாட்டை மில்லில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கும் வேலை. கணவன் சென்னைப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டு மாதம் ஒருமுறை வருவான். அவர்களுக்கு ஒரே பெண். அப்போது ஐந்து வயது முடிந்திருந்தது. என் மகளுக்கும் அதே வயது.

அந்தச் சின்னவளுக்கு அ, ஆ தெரியாது. ஆனால் படிப்பாள். இதை முதல் நாள் என்னால் நம்பவே முடியவில்லை. எங்கள் காம்பவுண்டுக்கு வருவதற்கு முன்பு, பால்வாடி மதியத்தோடு முடிந்ததும், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற ஓர் அம்மாவிடம் அவளை விட்டுவிட்டு மில்லுக்குப் போவாளாம் தாய். அங்கே உட்கார்ந்து, வருகிற பஸ்ஸையெல்லாம் காட்டி, இது எந்த ஊருக்கு, அது எந்த ஊருக்கு என்று கேட்டுக் கேட்டே போர்டுகளை முழுதாக மனசில் பதித்துக்கொண்டிருக்கிறாள். என் மகளின் புத்தகத்தில் 'ரு' என்ற எழுத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். உடனே சொன்னாள்: "பெருமுக்கல்ல வர்ற ரு. திருவக்கரைலயும் அதுதான் வரும்."

'ழு' அவளுக்கு விழுப்புரத்து ழு. அனந்தபுரத்தில் மொத்தம் எத்தனை எழுத்து என்று விரல் மடக்கிச் சொல்வாள். நான் பட்டப்படிப்பு வரை படித்தவள். எழுத்துகளுக்கு ஊர் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

மதியங்களில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுவார்கள். எப்போதும் அவள்தான் டீச்சர். என் மகள் ஒருநாள் எதிர்த்துப் பேசினாள், எல்லா நாளும் நீயே டீச்சரா என்று. "நீ படிச்சு முடி, அப்புறம் உனக்கு வேலை போட்டுத் தரேன்" என்றாள் அந்தச் சின்னவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு. சமையலறையில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

தனியார் பள்ளிகளில் நுழைவு வகுப்பில் நான்கில் ஓரிடம் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று சட்டம் இருக்கிறது. கட்டணத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். வீடு பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். இடத்தைவிட விண்ணப்பங்கள் கூடிவிட்டால் குலுக்கல். எங்கள் தெரு முனையைத் தாண்டி ஒரு பள்ளி இருக்கிறது, முதல் வகுப்பிலிருந்து. நான் அதற்குத்தான் காத்திருந்தேன். நான் படித்தது அரசுப் பள்ளியில்தான். மகளை ஏன் அங்கே சேர்க்கவில்லை என்று யாராவது கேட்டால், அதற்கு பைபாஸைக் கடக்க வேண்டும் என்பேன். அது பாதி உண்மை.

அவளிடம் இதைச் சொன்னது நான்தான். இதையும் எழுதிவிட வேண்டும். யாரும் கேட்காமல் நானே போய்ச் சொன்னேன். துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, அந்தப் பள்ளியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அங்க கக்கூஸுக்குக் கதவு இருக்குதாக்கா?"

இருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன், உள்ளே தாழ்ப்பாளும் இருக்கிறது என்றேன்.

"தாப்பா வேறயா?" அவள் சிரித்துவிட்டாள். "என் வூட்லயே இல்லாதது. அப்போ அங்கயே சேத்துடுக்கா. இது காலைல இருந்து மத்தியானம் வரிக்கும் அடக்கிக்கினு குந்தியிருக்குது, வயித்து வலி வந்துடுது."

பிறகுதான் சின்னவள் ஏன் எங்கள் வீட்டுக்கு வந்ததும் முதலில் எங்கள் கழிவறைக்கு ஓடுகிறாள் என்பது எனக்கு உறைத்தது. மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், உறைக்கவில்லை.

முகவரிக்கு ஆதாரம் வேண்டும். எங்களுக்கு ஆதாரில் இந்த முகவரிதான். அதோடு வீட்டுக்கார அம்மாவிடமும் ஒரு கடிதம் வாங்கி பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்தேன். அவளுக்கும் ஒரு கடிதம் கேட்டு நான்தான் போனேன். வீட்டுக்கார அம்மா மறுத்துவிட்டார். ஷீட்டு ரூமுக்கெல்லாம் யாராவது லெட்டர் கொடுப்பார்களா, நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் அதைக் காட்டிக்கொண்டு நிற்பாள் என்றார். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. எங்கள் வாடகை வீடும் அவருடையதுதானே என்ற பயம். அவர் சொன்ன காரணத்தை அவளிடம் சொல்லாமல், கடிதம் கிடைக்காது, வேறு என்ன இருக்கிறது என்று மட்டும் கேட்டேன். ரேஷன் கார்டு இருக்கிறது என்றாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் இரண்டு விண்ணப்பங்களையும் எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். அவளுக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. கார்டு, பிறப்புச் சான்று, வருமானச் சான்று, போட்டோ எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். என் மகளுடைய விண்ணப்பத்தைப் போடும்போது ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை பார்த்தேன். சென்டர் பெண்ணுக்கே எரிச்சல் வந்தது. அடுத்தது அவளுடையது. ஆன்லைன் விண்ணப்பத்தில் வரும் வரைபடத்தில் எங்கள் தெருவைச் சரியாகக் குறித்தேன். முகவரி ஆதாரம் என்ற இடத்துக்குக் கார்டை எடுத்துக் கொடுத்தேன். "அட்ரஸ் வேற ஊரா இருக்குதே, பரவால்லியா" என்று அந்தப் பெண் கேட்டதாக ஒரு ஞாபகம். அது உண்மையான ஞாபகமா, பின்னால் நானே உண்டாக்கிக்கொண்டதா, தெரியவில்லை. போன மாதம் அந்தச் சென்டருக்கே போய், உங்களுக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். தினம் எத்தனை பேர் வருகிறார்கள் அக்கா என்று சிரித்தாள்.

ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். அந்த வாரம் முழுவதும், எங்கள் பக்கத்திலிருந்து அந்தப் பள்ளிக்கு யார் யார் விண்ணப்பம் போடுகிறார்கள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் சின்னவளும் என் கையில் ஒரு விரல்.

பட்டியல் ஒட்டிய அன்று நான்கு பேரும் சேர்ந்தே போனோம். அவள் புதுச்சேலை கட்டியிருந்தாள். பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு முன்னால் ஓடின. பள்ளிச் சுவரில் இரண்டு தாள்கள். முதல் தாள் குலுக்கலுக்குத் தகுதியானவர்கள். இரண்டாவது தாள் தகுதியில்லாதவர்கள், பக்கத்தில் காரணம். எல்லாம் தமிழில் இருந்தது. நான் கூட்டத்தில் நுழைந்து முதல் தாளில் என் மகளின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். கிடைத்துவிட்டது. அப்போது பின்னாலிருந்து சின்னவளின் குரல்.

"யம்மா, என் பேரு இருக்குது! தோ பாரு, நம்ம ஊரு பேரு கூட போட்டுக்கீறாங்க, பெருமுக்கல்லு!"

இரண்டாவது தாளைத்தான் அவள் படித்துக்கொண்டிருந்தாள். பெயருக்கு எதிரே, முகவரி பெருமுக்கல், தூரம் அதிகம் என்று இருந்தது. அவளுக்குத் தெரிந்த இரண்டு சொற்களை அவள் சரியாகப் படித்துவிட்டாள். தாய் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள், சந்தோஷமாக. என் முகத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு விஷயம் புரிந்தது.

அதற்குப் பிறகு நான் ஓடியதெல்லாம் உண்மைதான். பள்ளி அலுவலகத்தில் கேட்டேன், தேதி முடிந்துவிட்டது என்றார்கள். வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். திங்கட்கிழமை விழுப்புரத்தில் கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கும் அவளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிரே வந்த பஸ் போர்டுகளையெல்லாம் என் மகளுக்குப் படித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். மனுவை எழுதியது நான். 'முகவரிச் சான்று தவறுதலாகப் பதிவேற்றப்பட்டுவிட்டது' என்று எழுதினேன். யாரால் என்று எழுதவில்லை. எழுதியிருக்கலாம். அந்தத் தாளில் அதற்கு இடம் இருந்தது. அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். இந்த வருஷம் இனி ஒன்றும் செய்ய முடியாதம்மா, அரசுப் பள்ளியில் எந்த நாளும் சேர்த்துக்கொள்வார்கள், முதலில் அங்கே சேர்த்துவிடுங்கள் என்றார். திரும்பும்போது அவள் பிள்ளைகளுக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் கூலியை இழந்தவள் அவள். ஆனால் நான்தான் அவளுக்காக வேலையை விட்டுவிட்டு வந்ததுபோல எனக்கு உபசாரம் செய்தாள்.

குலுக்கலில் என் மகளுக்கு இடம் கிடைத்தது. எவர்சில்வர் குடத்தில் சீட்டுகளைப் போட்டு எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்தக் குடத்தில் இன்னும் ஒரே ஒரு சீட்டு இருந்திருந்தால் என் மகளுக்கான வாய்ப்பு எவ்வளவு குறைந்திருக்கும்? மிகச் சின்ன எண் வந்தது. அந்தக் காகிதத்தைக் கிழித்து அடுப்பங்கரைக் குப்பையில் போட்டேன். கணவரிடம் சொன்னபோது, நீ என்ன வேண்டுமென்றா செய்தாய், விடு என்றார். வேண்டுமென்று செய்தேனா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

சின்னவள் ஜூனில் அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே காலையில் உப்புமாவும் பொங்கலும் போட்டார்கள். நல்ல டீச்சர். ஒரு மாதத்தில் எல்லா எழுத்தையும் ஊரில்லாமலே கற்றுக்கொண்டுவிட்டாள். நானே காலையில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், ஒருத்தியை முனையில் விட்டுவிட்டு, இன்னொருத்தியை பைபாஸ் தாண்டி விட்டுவிட்டு வந்தேன். கடக்கும்போது என் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொள்வாள். முழுக் கையைக் கொடுத்தால் பிடிக்க மாட்டாள். இன்றைக்கும் பைபாஸ் ஓரம் போனால் அந்த விரல் தானாக நீள்கிறது.

ஐப்பசி மழையில் பின் அறைக்குள் தண்ணீர் வந்தது. பாயைச் சுருட்டி அடுப்பின் மேல் வைத்தார்கள். பிள்ளைக்கு ஒரு வாரம் காய்ச்சல். அந்த நேரத்தில் கணவன் வந்து, இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது, சைட்டிலேயே ஷெட் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், எல்லோரும் ஒன்றாக இருக்கலாம் என்றான். அவன் சொன்னதில் என்ன தப்பு? அந்தப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன் என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. கார்த்திகை பிறந்து இரண்டாம் நாள் சாமான்களை ஏற்றினார்கள். போகும்போது, அங்கே போனதும் முதல் வேலையாகப் பிள்ளையைப் பள்ளியில் சேர், டி.சி. வேண்டுமென்றால் நான் வாங்கி அனுப்புகிறேன் என்று நான்கு தரம் சொன்னேன். சரிக்கா, சரிக்கா என்றாள். பத்து நாள் போன் எடுத்தாள். பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது.

என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளியில் கழிவறைக்குக் கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது, அவள் அதை ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளுக்கும். சில மதியங்களில் அவள் தனியாகப் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடுகிறாள். அப்போது அவள் டீச்சர் இல்லை. எதிரே யாரோ நிற்கிறதுபோல நினைத்துக்கொண்டு, "மிஸ், முடிச்சிட்டேன் மிஸ்" என்கிறாள். நான் சமையலறையிலிருந்து வெளியே வருவதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் போர்டுகளைப் படிக்காமல் இருக்க முடியவில்லை. எந்த எழுத்தைப் பார்த்தாலும் அது எந்த ஊர் எழுத்து என்று ஒரு குரல் கேட்கிறது.

இந்தக் கார்த்திகை தீபத்தன்று மலைக்கோயிலுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு பெருமுக்கல் போனேன். சாமியையும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது. ஆனால் விசாரித்துக்கொண்டு போனது அவளுடைய நாத்தனார் வீட்டுக்கு. மல்லாட்டை காய வைத்திருந்தார்கள். நான் யார் என்று சொன்னதும் நாத்தனார் உட்காரச் சொல்லி ஒரு முறம் நிறைய என் முன்னால் தள்ளினார்.

"நீதானா அது? உன்னைப் பத்தித்தான் பேசுவா. அந்தக்கா எங்களுக்காக விழுப்புரம் வரிக்கும் அலைஞ்சுது, நம்ம கார்டு நேரம் சரியில்லன்னு சொல்லுவா. இப்பகூட கார்டை அந்த சைட்டு ஊருக்கு மாத்தணும்னு அலைஞ்சிக்கினு கீறா."

கையில் எடுத்த மல்லாட்டையை உடைக்காமல் முறத்திலேயே போட்டேன். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்டேன்.

"எங்க போறது? தம்பி ஒருத்தன் பொறந்துக்கீறான் இல்ல, அவனைப் பாத்துக்கினு குந்தியிருக்குது. ஸ்கூலு ரொம்ப தூரமாம், அனுப்ப பயமாம். ஆனா கில்லாடி. சைட்டுக்கு வர்ற லாரில இன்னா எழுதிக்கீதோ எல்லாத்தையும் படிக்குதாம். வாட்ச்மேனே அதைக் கூப்ட்டுதான் இது இன்னான்னு கேக்கறாராம்."

அவர் பெருமையாகச் சொன்னார். எனக்கு அந்தக் காட்சி கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டது: இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில், புது எழுத்துகளைத் தேடுகிற பெண். இப்போது ஏழு வயது.

பொங்கலுக்கு அவர்கள் ஊருக்கு வருகிறார்களாம். இரண்டு நாள் இருப்பார்கள். திரும்பி வந்ததும் அரசுப் பள்ளி டீச்சரைப் பார்த்தேன். பெயர் இன்னும் பதிவேட்டில்தான் இருக்கிறது, எந்த நாள் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். சைட்டுக்குப் பக்கத்தில் வேறு பள்ளி கிடைத்தால் அங்கே மாற்றவும் தானே பேசுவதாகச் சொன்னார். ஆக, நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பொங்கலன்று போய் அவளை உட்கார வைத்து, பிள்ளையை மறுபடி பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்க வைக்க வேண்டும். அவள் நான் சொன்னால் கேட்பாள். உலகத்தில் அவள் கேட்கிற படித்த ஆள் நான் ஒருத்திதான்.

ஆனால் அவளைப் பார்த்ததும் அந்தக் கார்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியுமா? உன் கார்டுமேல் தப்பில்லை, பார்த்துப் போட வேண்டியவள் நான், பார்த்தும் போட்டிருப்பேனோ என்று எனக்கே சந்தேகம் என்று. சொன்னால் என் பாரம் இறங்கும். அதற்குப் பிறகு பிள்ளையைப் பற்றி நான் சொல்கிற எதையும் அவள் ஏன் நம்ப வேண்டும்? சொல்லாவிட்டால் அவள் நம்புவாள், பிள்ளை பள்ளிக்குப் போகும். ஆனால் அந்த நம்பிக்கையே நான் மறைத்ததன் மேல்தானே நிற்கும்? அவளோ ஒரு பாவமும் அறியாத கார்டைத் திட்டிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைவாள். முதலில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்றும் நினைக்கிறேன். அந்தப் பிறகு வருமா, என் தைரியம் எனக்குத் தெரியாதா?

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் இருப்பீர்கள். பாதியில் நின்ற பிள்ளையைத் திரும்பப் பள்ளியில் சேர்த்த தாய்மார்கள் இருப்பீர்கள். அவளைப் போலவே, படித்தவள் என்று ஒருத்தியை நம்பித் தாள்களைப் பையோடு கொடுத்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம்தான் அதிகமாகக் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது. நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் என்னிடமிருந்து முதலில் எதைக் கேட்க விரும்புவீர்கள், பிள்ளையைப் பற்றியா, கார்டைப் பற்றியா? பொங்கலுக்கு முன் எனக்கு எழுதுங்கள்.